17ஆவது நகர்வில் இ4

என் மேசை இழுப்பறையில் இரண்டு ஸ்கோர் ஷீட்டுகள் சேர்த்துப் பின் அடித்தபடி கிடக்கின்றன. இரண்டிலும் ஒரே ஆட்டம். வெள்ளை ஆடியவர் ஒரு தையல்காரர், வயது 54. கறுப்பு ஆடியவன் என் மாணவன், வயது 13. இருவருக்கும் ரேட்டிங் 1600க்குக் கீழேதான். எந்தத் தொகுப்பிலும் ஏறப்போகாத ஆட்டம் அது. ஆனால் இத்தனை வருஷப் பயிற்சியாளர் வேலையில் உனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்த ஆட்டம் எது என்று யாராவது கேட்டால், நான் இழுப்பறையைத் திறந்து இந்தத் தாள்களைத்தான் எடுப்பேன்.

தையல்காரரின் தாள் பார்க்கவே அழகாக இருக்கும். காய்களின் பெயரை அவர் தமிழில் எழுதுவார். குதிரைக்குக் ‘கு’, யானைக்கு ‘யா’, பிஷப்புக்குப் ‘பி’, ராஜாவுக்கு ‘ரா’. ராணிக்கும் அதே எழுத்து வந்து குழப்பும் என்பதால் அவளுக்கு மட்டும் ‘ணி’. கட்டத்தின் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில், அளவு நோட்டில் எழுதுவதுபோல நெருக்கமாக இருக்கும். காயின் பெயரை அவரவர் மொழி எழுத்தால் குறிக்கலாம் என்று ஃபிடே விதியே சொல்கிறது. எந்த நடுவரும் அவரை இதுவரை தடுத்ததில்லை.

பையனின் தாளில் வேறொரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நிமிடத்தை எழுதியிருப்பான். நான் பழக்கியது. நகர்வைப் பார்த்தால் என்ன ஆடினான் என்று தெரியும். நிமிடத்தைப் பார்த்தால் எப்படி ஆடினான் என்று தெரியும். போட்டி நடக்கும் அறைக்குள் பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் இடமில்லை. வெளியே வேப்பமர நிழலில் காத்திருக்கும் எங்களுக்கு, ஆட்டம் முடிந்து கைக்கு வரும் இந்தத் தாள்தான் கண்.

1996இலிருந்து நான் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வாடகை மாடி, இருபது போர்டு, சுவரில் மாட்டிய காந்தப் பலகை. ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது கல்லூரியில் இருந்தவர்கள் நாங்கள். அதற்கும் முன்னே 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனதும், சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் அவர் நடத்திய தால் செஸ் கிளப்பில் சிறுவன் ஆனந்த் ஆடப் போனதும் எங்கள் ஊர்ப் பக்கம் புராணம்போலப் பேசப்பட்ட கதைகள். எங்களுக்குக் கிளப் கிடையாது. கிடைத்த ஒன்றிரண்டு பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றோம். அப்படிக் கற்றவனுக்குச் சூத்திரங்கள் மேல் ஒரு பக்தி வந்துவிடும். பிற்பாடு ஆசிரியரானபோது அந்தச் சூத்திரங்களைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

முதல் சூத்திரம்: வெள்ளை என்றால் இ4. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு, நடுவைப் பிடி. காரணத்தையும் கணக்காகவே சொல்வேன். மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டு கட்டம்தான் எட்டும். நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டு. மூலையில் இருக்கும் பிஷப்புக்கு ஏழு கட்டம், நடுவில் பதின்மூன்று. டி4, இ4, டி5, இ5 என்ற அந்த நான்கு கட்டங்கள் ஊர்ச் சந்தி மாதிரி. அதைப் பிடித்தவனுக்கு எந்தத் தெருவுக்கும் வழி உண்டு.

ஆகவே வகுப்பில் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் பக்கவாட்டுத் தொடக்கங்களுக்கு என்னிடம் அனுமதி இல்லை. சி4 என்று தொடங்கும் இங்கிலீஷ் ஓபனிங், குதிரையை எஃப்3இல் வைக்கும் ரேட்டி, பி3, எஃப்4 எல்லாமே தடை. யாராவது பிடிவாதம் பிடித்தால் காந்தப் பலகையில் ஓர் ஆட்டத்தை ஆடிக் காட்டுவேன். 1970, பெல்கிரேடு. சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் போட்டி. உலக அணியின் முதல் பலகையில் பென்ட் லார்சன், எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. லார்சன் பி3 என்று தொடங்கினார். 14ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி தன் யானையை எச்1இல் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார். 17ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. “லார்சனுக்கே இந்தக் கதின்னா நமக்கு?” என்று கேட்பேன். பிள்ளைகள் இ4க்குத் திரும்பிவிடுவார்கள்.

இது முழு உண்மை இல்லை என்பது எனக்கும் தெரியும். 1924இல் நியூயார்க்கில் கபபிளாங்காவை எட்டு ஆண்டுகளில் முதல் தடவையாகத் தோற்கடித்தவர் ரிச்சர்ட் ரேட்டி. அந்த ஆட்டம் குதிரை எஃப்3, சி4, பி4 என்று ஓரத்திலேயே ஆரம்பித்தது. சிப்பாயை நடுவில் கொண்டுபோய் நட்டால் அதைக் காக்கவும் வேண்டியிருக்கும். தூரத்தில் இருந்துகொண்டே நடுவைக் காய்களால் ஆளலாம் என்பது ரேட்டி தலைமுறையின் வாதம். 1987இல் செவில் நகரில், கடைசி ஆட்டத்தை ஜெயித்தால்தான் பட்டம் நிலைக்கும் என்ற கட்டத்தில் காஸ்பரோவ் கார்போவுக்கு எதிராகத் தொடங்கியது சி4இல்தான். ஜெயித்தார். 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் கார்ல்சன் ஆனந்துக்கு எதிரே வைத்த முதல் காய் எஃப்3 குதிரை. அந்த ஆட்டம் 16 நகர்வில் டிரா. வகுப்பில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். 5ஆவது ஆட்டத்தில் அதே கார்ல்சன் சி4 என்று ஆரம்பித்து அந்தப் போட்டியின் முதல் வெற்றியைப் பெற்றார். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே, “அது பெரியவங்க ஆட்டம்” என்று கடந்துவிடுவேன்.

தையல்காரரைப் பல போட்டிகளில் பார்த்திருக்கிறேன். சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கும் பூவனூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். கடையை ஞாயிற்றுக்கிழமை மூடிவிட்டு ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். வெள்ளை வந்தால் எப்போதும் சி4. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “இ4 வெச்சா இந்தப் பசங்க பதினஞ்சு மூவ் மனப்பாடமா அடிச்சுடுறாங்க சார். எனக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் மிஷின்ல வேலை. எப்ப உட்கார்ந்து படிக்கிறது? சி4 வெச்சா அவங்களும் யோசிக்கணும், நானும் யோசிக்கணும். சரிக்குச் சரி” என்றார். அன்றைக்கு அதை ஒரு தப்பித்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

2018 கோடை விடுமுறை. கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். ஐந்தாவது ரவுண்டில் என் மாணவனுக்கு எதிரே அவர் பெயர். “சி4தான் வைப்பார். நீ இ5 வை, டி5 தள்ளு, நடுவு உனக்கு” என்று சொல்லி அனுப்பினேன். அவன் உள்ளே போனான். சுமார் மூன்று மணி நேரம் கழித்து உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தான்.

அவன் நான் சொன்னதை வரிசைப்படி செய்திருந்தான். சி4க்கு இ5. குதிரைகள் சி3இலும் எஃப்6இலும் வந்து நின்றன. வெள்ளை ஜி3 வைக்க, இவன் டி5 தள்ளினான். சி4 சிப்பாய் அதை வெட்ட, இவன் குதிரை திருப்பி வெட்டியது. வெள்ளை பிஷப் ஜி2க்கு வந்ததும் குதிரை பி6க்கு ஒதுங்கியது. இதை நிறம் மாறிய சிசிலியன் டிராகன் என்பார்கள்: வழக்கமாகக் கறுப்பு ஆடும் அமைப்பை வெள்ளை ஒரு நகர்வு கூடுதலாக வைத்துக்கொண்டு ஆடுகிறது. இருவரும் காஸ்லிங் செய்தார்கள். வெள்ளை டி3, ஏ3, பி4 என்று ஓரமாகவே நடந்தது. கறுப்பின் பிஷப்புகள் இ7இலும் இ6இலும். வெள்ளைச் சிப்பாய் பி5க்கு வந்து, சி6இல் நின்ற இவனது இன்னொரு குதிரையை விரட்டினால் இ5 சிப்பாய்க்குக் காவல் போய்விடும் என்று பத்தாவது நகர்வில் இவன் எஃப்6 வைத்தான். நல்ல நகர்வு; பெரிய ஆட்டக்காரர்களும் ஆடுவது. வெள்ளை பிஷப் பி2, கறுப்பு ராணி டி7. வெள்ளைக் குதிரை சி3இலிருந்து இ4க்குத் தாவியது, அடுத்து சி5இல் உட்கார.

12ஆவது நகர்வில் பையன் இ6 பிஷப்பை எச்3க்குக் கொண்டுபோனான். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் ஜி2இல் இருக்கும் பிஷப்பை மாற்றிக்கொள்ளத்தான்.

அவர் குதிரை சி5இல் இறங்கி ராணியைத் தாக்கியது. இவன் இ7 பிஷப்பால் அதை வெட்டினான். பி4 சிப்பாய் திருப்பி வெட்டி, சி5இல் நின்று பி6 குதிரையை மிரட்டியது. குதிரை டி5க்கு வந்தது. 15ஆவது நகர்வில் அவர் எழுதியிருந்தது ‘ணி b3’. ராணி பி3.

பையனின் தாளில் அந்த இடத்தில் நிமிடங்களைப் பார்த்தேன். 14ஆவது நகர்வுக்கு நேரே 80. 15ஆவதுக்கு நேரே 62. பதினெட்டு நிமிடம் யோசித்திருக்கிறான். யோசித்து பிஷப்பால் ஜி2 பிஷப்பை வெட்ட, ராஜா திருப்பி வெட்டினார். 16ஆவது நகர்வுக்கு நேரே மறுபடியும் 62. எஃப்8 யானையை டி8க்குத் தள்ள அவன் அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

17ஆவது நகர்வு: இ4.

முதல் நகர்வில் வைக்க வேண்டும் என்று இருபது வருஷத்துக்கும் மேலாக நான் கத்திக்கொண்டிருந்த அதே சிப்பாய். அதுவரை இ2இல் அசையாமல் இருந்துவிட்டு, 17ஆவது நகர்வில் இரண்டு கட்டம் ஏறி டி5 குதிரையைத் தாக்கியது. குதிரை ஓட முடியாது. பி3இல் இருக்கும் ராணியின் பார்வை சி4, டி5, இ6, எஃப்7 வழியாக ஜி8 ராஜா வரைக்கும் ஒரே கோடாக ஓடுகிறது. குதிரை விலகினால் ராஜாவுக்குச் செக். பையன் கடைசி நம்பிக்கையாக இன்னொரு குதிரையை ஏ5இல் கொண்டுபோய் ராணியைத் தாக்கினான். வெள்ளை ராணி டி5 குதிரையை வெட்டிச் செக் சொன்னது. ராணிக்கு ராணி போனது. இ4 சிப்பாய் டி5இல் ராணியை வெட்ட, யானை அந்தச் சிப்பாயை வெட்டியது. கணக்கு முடிந்தபோது ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் குதிரை நஷ்டம். அதற்கப்புறம் அவன் போராடினான். ஆனால் தையல்காரர் அவசரப்படவில்லை.

ஆட்டம் முடிந்தபின் இருவரையும் மண்டபத் திண்ணையில் உட்கார வைத்தேன். என் பையிலிருந்து சுருட்டு போர்டை விரித்துக் காய்களை அடுக்கினால் ஒரு வெள்ளைச் சிப்பாய் குறைந்தது. தையல்காரர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து இ2இல் வைத்தார். “இது போதும் சார்.”

15ஆவது நகர்வு வரை ஆடி நிறுத்தினேன். “இங்க பதினெட்டு நிமிஷம் என்னடா யோசிச்ச?”

“பி7 சிப்பாய் போகப்போகுதுன்னு பயந்துட்டேன் சார். அப்புறம் பார்த்தா, ராணி வந்து அதை வெட்டினா நான் யானையை பி8ல வெப்பேன். ராணி ஓடியே ஆகணும். அதுக்குப் பின்னாடி பி2 பிஷப்புக்கு சப்போர்ட்டே இல்ல. அது எனக்கு வந்துடும்.”

சரியாகத்தான் பார்த்திருக்கிறான். 1400 ரேட்டிங் பையன் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தால், எந்த ஆசிரியருக்கும் மனசு நிறையும். “அப்ப யானையை ஏன் டி8ல வெச்ச?”

“குதிரைக்கு இன்னொரு சப்போர்ட் இருக்கட்டும்னு.” கொஞ்சம் நிறுத்தி, “பி7 பயம் போயிருச்சுல்ல சார்” என்றான்.

தையல்காரர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் பி7 மேலதான் கண்ணு தம்பி. நீ யானையை வெச்சதும் வெட்டிடலாம்னு கை ராணி மேல போயிருச்சு. தொடல. தொட்டிருந்தா அதைத்தான் ஆடணும். அந்தரத்துல நின்னப்பதான் பின்னாடி பிஷப் தனியா நிக்கிறது தெரிஞ்சுச்சு. கையைக் கீழ வெச்சுட்டு, சரி, இது இல்லன்னா வேற என்ன இருக்குன்னு தேடினேன்.” சொல்லிவிட்டு அந்தப் பொத்தானை விரலால் இ4க்குத் தள்ளினார். “நீ ஏ5ல குதிரை வெச்சப்ப ராணி போச்சுன்னே நெனச்சேன். செக் இருக்குறது அப்புறம்தான் தெரிஞ்சுச்சு.”

இருவரும் பார்த்தது ஒரே பொறி. அதைப் பார்த்து முடித்ததும் பையனுக்கு நிம்மதி வந்தது; யோசனை நின்றது. அவருக்கு ஏமாற்றம் வந்தது, யோசனை தொடர்ந்தது. ஆட்டம் அந்த இடத்தில்தான் பிரிந்தது.

திண்ணைக்கு வந்த இன்னொரு பையன் கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை ஓடவிட்டு, “16ல ராஜாவை எச்8ல வெச்சிருந்தா கறுப்புக்குத்தான் நல்ல ஆட்டம்” என்று படித்துக் காட்டினான். உண்மை. ராஜா ஒரு கட்டம் ஒதுங்கினால் கோடு அறுந்துவிடும். இ4 வந்தாலும் குதிரை நிதானமாக இ7க்குப் போகலாம். பி7 சிப்பாயில் வைத்த விஷம் அப்படியே இருக்கும். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது என்று நான் போர்டைச் சுருட்டப் போனேன்.

தையல்காரர் விடவில்லை. “ஒரு நிமிஷம் சார். அது சரி, அதுக்கு முன்னாடி 12ல இந்த பிஷப் ஏன் எச்3க்குப் போச்சு? இ6ல நல்லாத்தானே இருந்துச்சு? அது அங்க இருந்தவரைக்கும் ராணியை பி3க்கு என்னால கொண்டுவர முடியல. பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

பையன் தயங்காமல் சொன்னான்: “ஜி2 பிஷப்பை மாத்திடணும்னு சார் சொல்லியிருக்காரு.”

சொல்லித்தான் இருக்கிறேன். என் இன்னொரு சூத்திரம் அது. எதிராளி இப்படி பிஷப்பை ஜி2இல் நிறுத்தி ஃபியான்கெட்டோ செய்தால் அந்த பிஷப்பை மாற்று. ராஜா வீட்டுக் கதவு திறந்துவிடும். எத்தனை வகுப்பில் சொன்னேனோ. டிராகன் ஆட்டங்களில் வெள்ளை அப்படித்தான் தாக்கும். ஆனால் அங்கே வெள்ளை ராஜா எதிர்ப்பக்கம் காஸ்லிங் செய்திருக்கும். எச் சிப்பாய் முன்னேறிக் கோட்டைத் திறந்திருக்கும். யானை அந்தக் கோட்டில் நின்றிருக்கும். இந்தப் பையனின் எச் சிப்பாய் எச்7இலேயே இருந்தது. யானை எதுவும் அந்தப் பக்கம் இல்லை. கதவைத் திறந்தால் உள்ளே போக ஆள் வேண்டாமா? சூத்திரத்தைச் சொன்ன நான், அது எப்போது பொருந்தும் என்பதைச் சொல்லவில்லை.

இ6இல் அந்த பிஷப் செய்துகொண்டிருந்த வேலை மூன்று. பி3 கட்டத்தைக் காவல் காத்தது. தன் ராஜாவுக்குப் போகும் குறுக்குக் கோட்டை அடைத்தது. டி5க்குத் துணை நின்றது. எஃப்7 சிப்பாய் ஏற்கெனவே எஃப்6க்குப் போய்விட்டதால் அந்தக் கோட்டில் அடைப்பாக இருந்தது பிஷப் ஒன்றுதான். அது கிளம்பிய நிமிடத்தில் வீட்டின் பின்வாசல் திறந்தது. கணினி 16ஆவது நகர்வைத் தவறு என்று குறித்தது. அந்தத் தவறு என் வகுப்பறையில், காந்தப் பலகைக்கு முன்னால் என்றோ விதைக்கப்பட்டது.

கிளம்பும்போது தையல்காரரிடம், “இனிமேலாவது சொல்லுங்க, ஏன் சி4?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நடுத்துணியில கத்திரி வெக்க முடியுமா சார்? ஓரத்துலேர்ந்துதான் வெட்டிக்கிட்டுப் போகணும். ஆனா போய்ச் சேர வேண்டியது நடுவுக்குத்தான்.” பொத்தானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். ரேட்டி வாதாடியதைத் தன் தொழிலின் சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார் என்று எனக்குப் பட்டது. அவர் நடுவைக் கைவிடவே இல்லை. சி4 சிப்பாயைக் கொடுத்து டி5ஐ வெட்டியது, ஜி2 பிஷப், பி2 பிஷப், இ4 குதிரை, பி3 ராணி என்று எல்லாமே நடுக்கட்டங்களையே பார்த்தவை. இ2 சிப்பாயை மட்டும், அது தைக்கும் நேரம் வரும்வரை கையில் வைத்திருந்தார்.

அன்றிரவு வீட்டில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இ4 ஆட்டங்களைச் சரிபார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்ததற்குக் காரணம் புரிந்தது. இத்தாலியன் ஆட்டத்திலோ ரூய் லோபெஸிலோ பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு நகர்வை நான் சொன்னபடி ஆடுவார்கள். அதுவரை நான் பார்ப்பது என் பாடம். பக்கவாட்டுத் தொடக்கத்தில் காய்கள் சீக்கிரம் மோதிக்கொள்வதில்லை. கட்டாய நகர்வுகள் குறைவு. எட்டாவது நகர்விலேயே பிள்ளை தன் காலில் நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் அவன் தனக்கென்று ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும். காரணம் இல்லாவிட்டால் சூத்திரத்தை இழுத்து ஒட்டுவான். ஒட்டிய இடம் தாளில் பளிச்சென்று தெரியும். மாணவனின் மனசு எப்படி ஓடுகிறது என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடைக்காது. அதைத்தான் இத்தனை நாள் தடை செய்து வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் என் வகுப்பில் மூன்று விஷயங்கள் மாறின.

பக்கவாட்டுத் தொடக்கத்துக்கு இப்போது தடை இல்லை. நடுவின் மதிப்பை இ4இல் காட்டிய ஆறாவது மாதமே சி4ஐயும் எஃப்3 குதிரையையும் ஆட விடுகிறேன். லார்சனின் 17 நகர்வுத் தோல்வியை இன்னும் காட்டுகிறேன். ஆனால் ரேட்டியின் வெற்றியையும் சேர்த்தே காட்டுகிறேன். லார்சன் தோற்றது பி3ஆல் மட்டும் இல்லை, பத்தாவது நகர்வில் எஃப்4 வைத்துத் தன் ராஜாவைச் சுற்றிப் பலவீனப்படுத்திக்கொண்டார் என்பதையும் சொல்கிறேன். முன்பு இந்தப் பகுதியை விழுங்கிவிடுவேன்.

இரண்டாவது, காயை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. முன்பெல்லாம் “இது எங்கே போகுது, எதைத் தாக்குது?” என்று மட்டும் கேட்கப் பழக்கியிருந்தேன். இப்போது அதற்கு முன்னால் இன்னொன்று: “இருந்த இடத்துல இது என்ன வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு?” காய் ஒன்று நகர்ந்தால் அது போய்ச் சேரும் கட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். விட்டுப்போன கட்டத்தைப் பார்ப்பவன்தான் அடுத்த படிக்கு ஏறுவான். எந்தச் சூத்திரத்தைச் சொன்னாலும் அது எங்கே பொருந்தாது என்பதற்கு ஓர் ஆட்டத்தையாவது கூடவே வைக்கிறேன்.

மூன்றாவது, நிமிடக் கணக்கு. மாணவர்களின் தாள் வந்ததும் நகர்வைப் பார்க்கும் முன் நிமிட வரிசையை மேலிருந்து கீழே படிக்கிறேன். நீண்ட யோசனைக்கு அடுத்து ஒரு வேகமான நகர்வு இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போடுகிறேன். அதற்கு வகுப்பில் ‘நிம்மதி நகர்வு’ என்று பெயர். ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்துத் தீர்த்தவன் அடுத்த ஆபத்துக்குத் தயாராக இருப்பதில்லை. பிள்ளைகளின் தாள்களில் பெரிய தவறுகள் எத்தனை முறை இந்த வட்டத்துக்குள் விழுகின்றன என்று பார்த்துப் பார்த்து எனக்கே மலைப்பாக இருக்கிறது. தவறான கணக்கைத் திருத்த ஸ்டாக்ஃபிஷ் போதும். நிம்மதியை எழுதிக் காட்டுவது பையன் தன் கையால் குறித்த நிமிடம் மட்டும்தான்.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோதும் மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் பிள்ளைகள் வந்தார்கள். வந்த பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வருஷத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆகலாம் என்பது. நான் அவர்களிடம் தையல்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ராத்திரி பத்து மணி வரை மிஷின் மிதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் கட்டி, பேரன் வயதுப் பிள்ளைக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்து யோசிக்கிற மனிதர். இந்த விளையாட்டு உயிரோடு இருப்பது அவரைப் போன்றவர்களால்தான். என் வகுப்பிலிருந்து போகும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அவரைப் போலத்தான் ஆவார்கள். ஒரு தொழிலைச் செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் ஆடுவார்கள். அப்படி ஆடும்போது அவர்கள் கையில் சூத்திரம் இருந்தால் போதாது, காரணம் இருக்க வேண்டும். அதைக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் போர்டு அடுக்கிக் கொடுப்பான். ஒரு நாள் இழுப்பறையில் ஏதோ தேடியவன் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தான். 16ஆவது நகர்வைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. அதில் அவனுக்கு ஆச்சரியம் இல்லை. 12ஆவது நகர்வில் அவன் கண் நின்றது. தவறான நகர்வுக்கு எதிரே நாங்கள் கேள்விக்குறி போடுவது வழக்கம். அங்கே கேள்விக்குறி இல்லை.

“இங்க ஏன் சார் உங்க பேரை எழுதியிருக்கீங்க?” என்று கேட்டான்.